தீவில் நிலம் வாங்குமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

தீவில் கொஞ்சம் நிலம், அதில் தென்னையும் காய்கறியும், ஓரமாக ஐந்தாறு வாடகைக் குடில்கள். இந்த எண்ணத்தோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது குடில்களின் படத்தைத்தான். அப்புறம் தோட்டம். தண்ணீர் கடைசியில் வரும், அதுவும் “போர் போட்டுக்கலாம்” என்ற ஒற்றை வரியாக. வரிசை அப்படியே தலைகீழ். குடிலும் தோட்டமும் குடிப்பது ஒரே தண்ணீரை, இரண்டின் கழிவும் போய்ச் சேர்வது அதே தண்ணீரில். எத்தனை அறை, எத்தனை பாத்தி என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தத் தண்ணீர்தான்.

வெப்பமண்டலத் தீவுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. எரிமலையால் எழும்பிய மேட்டுத் தீவில் ஓடை இருக்கும், சரிவு இருக்கும், மண் என்று சொல்லத் தக்க மண் இருக்கும். பவளப்பாறைமேல் மணல் படிந்த தாழ்ந்த தீவில் ஓடையே கிடையாது. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் நிலம். இந்தப் பதிவில் பெரும்பகுதி இரண்டாவது வகையைப் பற்றியது, அங்கே ஒரு தப்பைச் செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது என்பதால். மேட்டுத் தீவிலும் கடற்கரையை ஒட்டி வாங்கினால் நிலைமை கிட்டத்தட்ட இதேதான்.

மணல் தீவுக்கு அடியில் ஏரியோ ஊற்றோ கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த கண்ணாடி வில்லை மாதிரி. நன்னீர் லிட்டருக்கு 1 கிலோ, கடல்நீர் 1.025 கிலோ, இந்தச் சின்ன எடை வித்தியாசம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. கணக்குப்படி நிலத்தடி நீர்மட்டம் கடலைவிட 1 மீட்டர் உயரத்தில் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இறங்கியிருக்கும். கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பம்பு ஓடி நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் ஏறப் பார்க்கும். சின்ன மணல் தீவுகளில் நீர்மட்டம் பெரும்பாலும் கடலுக்கு மேல் அரை மீட்டர்கூட நிற்பதில்லை. நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே கலப்பு நீர்ப் பட்டை ஒன்றும் இருப்பதால், குடிக்கத் தக்கது கணக்கு காட்டுவதைவிட இன்னும் குறைவு.

அதனால் ஆழ்துளைக் கிணறு இங்கே உதவாது; ஆழம் போகப் போக உப்பைத் தேடிப் போவதாகத்தான் ஆகும். வேண்டியது ஆழமில்லாத, அகலமான ஏற்பாடு. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, துளை போட்ட பி.வி.சி. குழாய்களைக் கிடையாகப் பதித்து, சுற்றிலும் சரளை கொட்டி, மேலே வடிகட்டும் துணி விரித்து மணலை மூடிவிட வேண்டும். குழாய்கள் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு உறைகிணறு. பம்பு அங்கே உட்காரும். பசிபிக்கில் உள்ள கிரிபாட்டி நாட்டின் தாராவா தீவில், போன்ரிக்கி பகுதியிலிருந்து ஊருக்கே தண்ணீர் எடுப்பது இந்த முறையில்தான். ஒரே புள்ளியில் உறிஞ்சாமல் நீளவாக்கில் மேலோட்டமாக வழித்தெடுப்பதால் நீர்மட்டம் எங்கும் பெரிதாக இறங்காது.

பம்பின் அளவிலும் பெருந்தன்மை வேண்டாம். ஒரு நாளைக்கு 10,000 லிட்டரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்றத் தேவைப்படும் சக்தி வெறும் 0.27 யூனிட். பம்பின் திறன் 40 சதவீதம் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும் 0.7 யூனிட்தான். 300 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயிலில் இதைச் செய்துவிடும். மேகம் போடும் நாளுக்காக இரண்டு வைக்கலாம். பேட்டரியே வேண்டாம். வெயில் உள்ள ஐந்தாறு மணி நேரமும் மெல்ல மெல்ல இழுப்பதுதான் அந்த நன்னீர் வில்லைக்கும் நல்லது. மூன்று குதிரைசக்தி மோட்டாரை மாட்டி அரை மணியில் தொட்டியை நிரப்புகிற பழக்கம்தான் தீவுக் கிணறுகளை உப்பாக்குகிறது.

நிலத்தைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு இ.சி. மீட்டர் இருக்கட்டும், தண்ணீரின் உப்பை மின்கடத்தலாக அளக்கும் பேனா அளவு கருவி. போகுமுன் 1.413 என்று போட்ட அளவுத் திரவத்தில் முக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய காலம் கோடையின் கடைசி. மழை முடிந்த கையோடு போனால் எல்லாக் கிணறும் இனிக்கும். முதலில் பம்பை ஓட்டாமல் ஒரு அளவு. பிறகு தினசரி எடுக்கப்போகும் வேகத்திலேயே பம்பை ஆறு மணி நேரம் ஓட்டி, அரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வாருங்கள். 0.6-இல் தொடங்கி 0.8-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால் கிணறு தாங்குகிறது. 0.6, 0.9, 1.3, 1.8 என்று நிற்காமல் ஏறினால் அந்த வேகம் அந்தக் கிணற்றுக்கு அதிகம். பாதியாகக் குறைத்து மறுநாள் மீண்டும் பாருங்கள். நிறுத்திய பிறகு பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடல் ஏற்ற வற்றத்தோடு கிணற்று மட்டமும் சில மணி நேரம் பிந்தி ஏறி இறங்கும். அதனால் ஒரு நாள் அளவை இன்னொரு நாளோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே ஓத நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் “நேற்று உப்பு, இன்றைக்கு நல்ல தண்ணீர்” என்று குழம்புகிறவர்கள் நிறைய.

மீட்டர் காட்டும் எண் 0.7-க்குக் கீழே (டெசிசீமன்ஸ்/மீட்டர் என்ற அளவில்; மேலே சொன்ன எண்களும் அதே அளவில்தான்) இருந்தால் எதையும் பயிரிடலாம். 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3-க்கு மேல் காய்கறியை மறந்துவிடலாம். மண்ணில் தேங்கும் உப்பு சாதாரணப் பாசனத்தில் தண்ணீரில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்கு ஆகும் என்பது பொதுக் கணக்கு. மண்ணில் பீன்ஸும் கேரட்டும் 1-ஐத் தாண்டினாலே விளைச்சலைக் குறைத்துக்கொள்ளும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளியும் வெள்ளரியும் 2.5, பீட்ரூட் 4 வரை தாங்கும். ஆக, கிணற்றில் 1 என்று காட்டினாலே பீன்ஸுக்கு அது அதிகம். தக்காளிக்குப் பிரச்சினை இல்லை.

இனி மழைநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் கூரை உள்ள ஆறு குடில்கள், வருடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் மழை, சிதறல் போக 80 சதவீதம் கைக்கு வருகிறது என்றால் வருடத்துக்கு 5,18,400 லிட்டர். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் செலவு 4,38,000. வருடக் கணக்கில் மிச்சம் இருக்கிறது. ஆனால் 90 நாள் மழையே இல்லாத காலம் ஒன்று வரும் இடமானால், அந்தத் தொண்ணூறு நாளைத் தாண்ட 1,08,000 லிட்டர் தொட்டி வேண்டும். இங்கேதான் திட்டங்கள் முறிகின்றன: கூரையை அளக்கிறார்கள், தொட்டியை அளப்பதில்லை. தொட்டிக்கு இடமோ பணமோ இல்லையென்றால் அறையைக் குறைப்பதுதான் வழி. வரும் விருந்தினர் ஆளுக்கு 100 லிட்டரோடு நிற்பாரா என்றால், வாளியும் அளவான ஷவரும் வைத்தால் நிற்பார். நீச்சல் குளமும் புல்வெளியும் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு மூன்று மடங்கு ஆனாலும் ஆச்சரியமில்லை.

முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் தனியே பிடித்து வெளியேற்றும், நிமிர்ந்து நிற்கும் குழாய் எல்லா ஊரிலும் நல்லதுதான். தீவில் அது கட்டாயம், ஏனென்றால் கோடை முழுக்க உப்புக்காற்று கூரையில் உப்பைப் படியவைத்திருக்கும். சதுர மீட்டருக்கு 1 லிட்டர் கணக்கில், 60 சதுர மீட்டர் கூரைக்கு 60 லிட்டர் போக வேண்டும். 110 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர் பிடிக்கும். ஏழு மீட்டர் தேவை, சுவர் உயரம் போதாது. 160 மில்லிமீட்டர் குழாய் என்றால் மூன்றரை மீட்டரில் முடிந்துவிடும். அடி மூடியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுச் சொட்டவிட வேண்டும், அடுத்த மழைக்குள் காலியாக. அந்தத் துளையில் இலைத் துணுக்கு அடைத்துக்கொண்டால் குழாய் நிரம்பியபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு அத்தனையும் நேராகத் தொட்டிக்குள் போகும். மாதம் ஒருமுறை மூடியைத் திருகிக் கழற்றிக் கழுவுவது யாருடைய வேலை என்று பெயர் போட்டு எழுதிவைக்க வேண்டிய வேலை இது.

கீற்றுக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் அதைவிட அழகு எதுவும் இல்லை. ஆனால் அதில் வழியும் தண்ணீர் டீ நிறத்தில் வரும், குடிக்க ஆகாது. கீற்றுதான் வேண்டுமென்றால் குடில்களுக்குக் கீற்று வேய்ந்துவிட்டு, சமையல்கூடம், கிடங்கு, உணவுக்கூடம் மூன்றுக்கும் தகடு போட்டு அங்கே தண்ணீர் பிடியுங்கள். கணக்கில் குடில் கூரையை அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு வருவோம். வெயில் நாளில் காய்கறிப் பாத்தி ஒரு நாளைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடும். 1,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட் பாத்திக்கு 5,000 லிட்டர். அது ஐம்பது விருந்தினரின் தண்ணீர்! “எங்கள் தோட்டத்துக் காய்கறிதான் உங்கள் தட்டில்” என்ற விளம்பரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்ந்த தீவில் 150, 200 சதுர மீட்டருக்கு மேல் பாசனக் காய்கறி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீரை, மிளகாய், வெள்ளரி, தக்காளி, மூலிகை இவற்றை நிழல்வலைக்கடியில், மூடாக்குப் போட்டு, சொட்டுநீரில் வளர்க்கலாம். மணலில் சொட்டுகிற தண்ணீர் அகலமாகப் பரவாமல் நேரே கீழே இறங்கும். களிமண் தோட்டத்துக்குச் சொல்லும் இடைவெளி இங்கே ஒத்துவராது. 20 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் வைத்து, ஒரே மூச்சில் விடாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மிச்ச நிலமெல்லாம் மழையை நம்பிப் பிழைக்கும் மரங்களுக்கு.

பவள மணல் சுண்ணாம்பு மண். கார அமில நிலை 8-ஐத் தாண்டும். அதில் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புப் பற்றாக்குறை. பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியாவைக் கொட்டுவது வழக்கம். இந்த மண்ணின் மேல் தூவிய யூரியாவில் பெரும்பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். கடையில் இரும்புச்சத்து வாங்கினால் ஈ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை இந்தக் காரத்தில் நிலைக்காது. இதெல்லாம் தற்காலிக மருந்து. நிரந்தர வழி மக்கு உரம்தான், அதுவும் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு, வருடம் தவறாமல். சூட்டில் அது சீக்கிரமே கரைந்துபோகும். கிரிபாட்டியில் காலங்காலமாக நீர்மட்டம் தட்டுப்படும் வரை பள்ளம் தோண்டி, இலைதழைகளை மக்கவிட்டு, அதில் பபாய் என்ற பெரிய சேம்பை வளர்க்கிறார்கள். மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை உண்டாக்கும் வித்தை அது. ஒரே ஒரு புயலலை அந்தப் பள்ளத்துக்குள் புகுந்தால் வருடக்கணக்கில் உப்பு இறங்காது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேங்காய் ஓட்டுக் கரியைப் போட்டால் மண் வளமாகும் என்று படித்திருப்பீர்கள். புளிப்பான எரிமலை மண்ணில் சரி. கரி காரத்தன்மை கொண்டது. சுண்ணாம்பு மணலில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண்ணின் காரத்துக்கு எந்தத் தீர்வும் தராது. போடுவதானால் மக்கு உரத்தோடு சில வாரம் ஊறவைத்துப் போடுங்கள். வெறும் கரி முதலில் மண்ணிலிருந்தே சத்தை இழுத்துக்கொள்ளும்.

மக்கு உரம் என்றதும் தென்னந்தீவில் கூடவே வருவது காண்டாமிருக வண்டு. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயற்கை விவசாயம் என்று நல்லெண்ணத்தோடு தொடங்குகிறவர்கள்தான் இதை வளர்த்துவிடுகிறார்கள். வண்டு தென்னங்குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். குருத்து விரிந்து ஓலையாகும்போது கத்தரியால் முக்கோணமாக வெட்டிய மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும்போது கடி விழுந்து பல வாரம் ஆகியிருக்கும். புழுவோ உயிருள்ள மரத்தைத் தொடாது. அது இருப்பது மக்கும் குப்பையில், சாணக் குவியலில், வெட்டிப்போட்ட தென்னந்தடியில், பட்டுப்போய் நிற்கும் மரத்தின் உச்சியில். குவியலின் ஓரத்தை முள்கரண்டியால் ஒரு முழம் உள்ளே புரட்டுங்கள். கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, அரிவாள் போல வளைந்து, பழுப்புத் தலையோடு கிடந்தால் அதுதான். முட்டையிலிருந்து வண்டாகச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் குவியலை மாதம் ஒருமுறை அடிவரை புரட்டிப் புழுவைப் பொறுக்கிவிட்டால் அந்தத் தலைமுறை முடிந்தது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். குவியல்மேல் பழைய மீன்வலையைப் போர்த்தி வைப்பது குவாம் தீவில் செய்து பார்த்த உபாயம்; முட்டையிட வருவதும் வெளியேறுவதும் வலையில் கால் சிக்கி நிற்கும். இளங்கன்றுகளுக்குக் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் அதே அளவு மணலும் கலந்து, உச்சியில் முதல் மூன்று மட்டைகளின் இடுக்கில், வருடத்துக்கு மூன்று தடவை வையுங்கள்.

பசிபிக் தீவுகளில் இந்த வண்டை 1960களிலிருந்து ஒரு வைரஸைக் கொண்டு அடக்கிவைத்திருந்தார்கள். 2007-இல் குவாமில் தலைகாட்டிய இனத்தை அந்த வைரஸ் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 2013-இல் ஹவாயிலும் வண்டு வந்து சேர்ந்தது. பக்கத்துத் தீவிலிருந்து கன்று, உரமூட்டை, மூடாக்கு எதைக் கொண்டுவந்தாலும் அதற்குள் முட்டையோ புழுவோ வரலாம். உரத்தை இறக்குமதி செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

தென்னையின் இடைவெளி ஏழரை மீட்டர், எக்டேருக்கு 177 மரம். வேரில் பெரும்பங்கு அடிமரத்திலிருந்து 2 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு மரத்துக்கு ஒதுக்கிய 56 சதுர மீட்டரில் கால்பங்குகூட அது பயன்படுத்துவதில்லை. ஊடுபயிருக்கு இடம் உண்டு, வெளிச்சம்தான் கேள்வி. எட்டு வயது வரை வெளிச்சம் இருக்கும், அதற்குப் பின் இருபது இருபத்தைந்து வயது வரை தோப்பு இருட்டு, பிறகு மறுபடி வெளிச்சம். இருபது வயதுத் தோப்பை வாங்கிக்கொண்டு அன்னாசியும் வாழையும் அமோகமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உரிமட்டையை விற்காதீர்கள். வட்டப்பாத்தியிலோ, வரிசைகளுக்கிடையே வெட்டிய வாய்க்காலிலோ, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணை மூடினால் ஐந்தாறு வருடம் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

தோப்புக்குள் குடில் கட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும். நடைபாதை, கூரை, தொட்டில் எதுவும் மரத்தடியில் கூடாது. 45 நாளுக்கு ஒருமுறை காய்களை இறக்க ஆள் உறுதி இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

காற்றுத்தடுப்பு வேலி வைக்காமல் உள்ளே எதையும் நடாதீர்கள். அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை பாதுகாப்பு கிடைக்கும். 8 மீட்டர் வேலி என்றால் 80 மீட்டர். மதில் கட்டினால் காற்று ஏறிக் குதித்து மறுபக்கம் சுழன்றடிக்கும். பாதி காற்றை உள்ளே விடும் மரவரிசைதான் வேண்டும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுகளில் கடலிலிருந்து உள்நோக்கி வரிசை இப்படி அமையும்: மணல்மேட்டில் அடும்புக்கொடி, அதற்குப் பின்னால் தாழை, அப்புறம் பூவரசும் புன்னையும். சவுக்கு வேகமாக வளரும் என்று எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அதன் சருகடியில் வேறெதுவும் முளைக்காது. அதன் தாயகம் அல்லாத பஹாமாஸ் போன்ற இடங்களில் கரையையே ஆக்கிரமித்துவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவருவதைவிட அந்தத் தீவிலேயே கரையோரம் நிற்கும் மரத்தைப் பார்த்து நடுவது நல்லது.

மேட்டுத் தீவுக்காரர்களுக்குச் சுருக்கமாக. அங்கே எதிரி சரிவு. இரண்டு மீட்டர்க் கழிகள் இரண்டைக் கூம்பாகக் கட்டி, குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். இந்த ‘ஏ’ சட்டத்தால் சமமட்டக் கோட்டைக் குறித்து, 4–5 மீட்டருக்கு ஒரு வரிசை கிளைரிசிடியா மரக்கன்றோ வெட்டிவேர்ப் புல்லோ நெருக்கமாக நட வேண்டும். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் 1970களில் உருவான முறை. எரிமலை மண் மணிச்சத்தை (பாஸ்பரஸை) இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பாஸ்பேட்டை நிலம் முழுக்கத் தூவாமல் குழியில் மக்கு உரத்தோடு கலந்து போடுங்கள். விற்பனைக்கு என்று ஒரு பயிர் வேண்டுமானால் வனிலாவை யோசிக்கலாம். படகுக் கூலி எடைக்குத்தான். வனிலாவில் எடை குறைவு, விலை அதிகம், உலர்ந்தால் கெடாது. பூ ஒரு காலைப்பொழுதுதான் திறந்திருக்கும், ஒவ்வொன்றையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ரீயூனியன் தீவில் 1841-இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த அதே கைவேலைதான் இன்றைக்கும். நட்டு மூன்றாம் வருடம் பூக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் பதப்படுத்தியபின் ஒரு கிலோ ஆகும். பூக்கும் மாதங்களில் விடுமுறையே எடுக்காத ஆட்கள் இருந்தால் மட்டும் இறங்கவும்.

கட்டடத்தில் முதல் சத்தியம்: கடற்கரை மணலைக் கான்கிரீட்டில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள குளோரைடு கம்பியைத் துருவாக்கும், துரு உப்பிக் காறையை வெடிக்கவைக்கும். கூடவே, அள்ளிய மணல் உங்கள் கரையினுடையது, கடல் அதை உங்கள் நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, இருபத்திரண்டரை லிட்டர் நல்ல தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கனம் இருக்கும்படி கவர் பிளாக் வையுங்கள். திருகு, கீல், கொக்கி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் எஸ்.எஸ். 316 ரகம், 304 ரகம் கொஞ்ச நாளில் பழுப்புக் கறை பிடித்துவிடும். மழை படும் இடத்தைவிட மழை படாத இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாத விஷயம். இறவாரத்தின் அடியிலும் சோலார் பேனலின் கீழ்ச்சட்டத்திலும் படியும் உப்பை மழை வந்து கழுவுவதில்லை. மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரால் அங்கே பீய்ச்சுங்கள்.

பூமத்தியரேகையிலிருந்து 5 பாகைக்குள் புயல் அபூர்வம். அதற்கு வெளியே என்றால், நான்கு பக்கமும் சரியும் கூரை, சுமார் 30 பாகைச் சரிவு, அஸ்திவாரத்திலிருந்து உத்தரம் வரை அறுபடாமல் இரும்புப் பட்டையால் பிணைப்பு. தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்த்து நீட்டாதீர்கள். தனியாக அமைத்தால், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். அறுபது வயதைத் தாண்டிய தென்னை நல்ல மரம் கொடுக்கும், அடிமரத்தின் வெளிவட்டத்திலிருந்து மட்டும். உள்சோறும் நுனியும் பாரம் தாங்காது. மண்ணில் நேராக ஊன்றினால் மக்கிவிடும், கல்பீடத்தின் மேல் நிறுத்துங்கள். அறுத்தது போக மிஞ்சிய தடியைப் பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள். போட்டு வைத்தால் வண்டுக்குத் தொட்டில்.

கழிவுநீருக்கு வழக்கமான செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் மணல் தீவில் ஆபத்து. உறிஞ்சு குழியின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது வறண்ட மண் வேண்டும். இரண்டு மீட்டர் உயரத் தீவில் அது எங்கே கிடைக்கும்? இரட்டை அறை உலர் கழிப்பறைதான் சரிப்படும். ஒரு அறை நிறையும் வரை பயன்படுத்தி, ஒரு வருடம் மூடிவைத்து, பிறகு எடுத்து மரங்களுக்கு மட்டும் போட வேண்டும், காய்கறிக்கு அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை தென்னை நார்க்கழிவு. நாற்றம் என்ற புகார் வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: சிறுநீர் உள்ளே போய் ஈரம் கட்டியிருக்கும். சிறுநீரைத் தனியே பிரித்தெடுக்கும் பீங்கானை வைத்தால் தீர்ந்தது. குளித்த, துவைத்த தண்ணீர் வாழை வட்டத்துக்குப் போகட்டும். 2 மீட்டர் அகலம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிக ஆழம், உள்ளே கிளையும் ஓலையும் நிரப்பி, தோண்டிய மண்ணை ஓரத்தில் மேடாக்கி, அதில் ஐந்தாறு வாழை. குளியலறையில் நீங்களே சோப்பு வையுங்கள். சோடியம் மிகுந்த சலவைத்தூளும் போராக்ஸும் வாழை இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும்.

கடைசியாகப் பத்திரம். பல தீவுகளில் வெளியாளுக்கு நிலம் சொந்தமாகாது, குத்தகைதான். பசிபிக் தீவு நாடான வனுவாட்டில் நிலம் மரபுவழிச் சொந்தக்காரர்களுடையது, குத்தகை அதிகபட்சம் 75 வருடம். தாய்லாந்தில் 30. நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு வருடம் ஆகும், அறுபது வருடம் காய்க்கும். 30 வருடக் குத்தகையில் அதை நட்டால் பாதிப் பலன் அடுத்தவருக்கு. அந்த மாதிரி இடத்தில் மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும் குட்டை ரகம், வாழை, பப்பாளி, கழற்றி எடுத்துப் போகும்படியான மரக் குடில், பிளாஸ்டிக் தொட்டி. முடிவில் மரங்களுக்கு மதிப்பு யார் போடுவது என்பதைக் குத்தகையிலேயே எழுதிவிடுங்கள். கிணறும், அதற்குப் போகும் பாதையும், எடுக்கும் அளவும் தனி வரியாக வர வேண்டும். மண்ணடி நன்னீர் வில்லை வேலியைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து மனையில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஓடினால் உப்பாவது உங்கள் கிணறும்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் கிணற்றிலும் மீட்டரை நனைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.